வாலாட்டினால் சொல்லணும்

“இந்த நாய் உன்னைப் பாத்தா குரைக்குமா?”

அதுவரை சுடர்விழியிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. மற்றவர்கள் கேட்டதெல்லாம் வேறு. ஒன்பதாம் வகுப்போடு ஏன் நின்றுவிட்டாய், ஏன் மாடியைவிட்டு இறங்குவதில்லை, ஆளைக் கண்டால் ஏன் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாய். அவற்றுக்கு அவளிடம் பதில் கிடையாது. ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள். அந்த லீவுதான் இன்னும் முடியாமல் நீண்டுகொண்டிருக்கிறது. இதை ஒரு பதில் என்று யாரிடம் சொல்வது?

ஆனால் கால்நடை டாக்டர் ஜெசிந்தா மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி கேட்ட இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

“குரைக்கும்” என்றாள், கதவுக்குப் பின்னாலிருந்து.

“என்னைக்காவது உன் கையால சோறு போட்டிருக்கியா? தடவிக் கொடுத்திருக்கியா?”

“இல்ல. அம்மாதான் போடுவாங்க.”

“அப்ப நீதான் எனக்கு வேணும்” என்று டாக்டர் அங்கேயே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மதுரை வில்லாபுரத்தில் ஒரு குடியிருப்பின் கடைசித் தெரு அது. அந்த நாய்க்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை, தெருவே உரிமையாளர். டீக்கடை பன்னைத் தின்று வளர்ந்ததால் பன்னு என்று பெயர். செம்பட்டை நிறம். வலது காது பாதியில் மடங்கியிருக்கும். மத்தியானத்தில் இஸ்திரி வண்டிக்குக் கீழே தூக்கம், சாயங்காலம் ஒச்சப்பனின் பேட்டரி ஆட்டோவில் பின்சீட்டுச் சவாரி. தெருவுக்குள் அவன் வாலாட்டாத மனிதர் கிடையாது, மாடியில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கும் பெண்ணைத் தவிர. ஜன்னலில் அவள் உருவம் அசைந்தால் மட்டும் தலையைத் தூக்கி இரண்டு குரைப்புக் குரைப்பான். அவனைப் பொறுத்தவரை அவள் அந்நிய ஆள்.

அவளுக்கோ அவனைப்பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய சமயத்தில் குட்டியாகத் தெருவுக்கு வந்து சேர்ந்தவன் என்பதால் மனசுக்குள் அவனுக்குச் சித்திரை என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எந்த வீட்டுச் சோறு அவனுக்குப் பிடிக்கும், எந்த இடிக்கு ஆட்டோவுக்கு அடியில் ஒளிவான் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். வயிறு சரியில்லாத நாளில் அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முளைத்த அருகம்புல்லைத் தேடிப் போவான். மென்று விழுங்கி, முதுகை வில்லாக வளைத்து வாந்தியெடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி நடப்பான். தனக்கு வேண்டிய கஷ்டத்தைத் தானே தேடிப் போகிறானே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். என்றைக்காவது ஒருநாள் கீழே இறங்கிப் போய் அந்த மடங்கிய காதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

நோயை முதலில் கண்டதும் அவள்தான். பால் வண்டி வந்தபோது அவன் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் கரண்ட் கம்பத்தருகே அவன் விட்ட மூத்திரம் டிகாஷன் நிறத்தில் ஓடியது. அம்மா பாண்டீஸ்வரியிடம் சொன்னாள். அம்மா ஒச்சப்பனிடம் சொன்னாள். அவர் நாயைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு டாக்டர் ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னாலேயே தெருவில் பாதிப்பேர் போனார்கள்.

“யாரோட நாய்னு கேக்குறாய்ங்க” என்று திரும்பி வந்து ஒச்சப்பன் சொன்னது மாடிவரை கேட்டது. “ஏழெட்டுப் பேரு ஒரே நேரத்துல என்னோடதுன்னோம். அந்தம்மா பயந்துருச்சு. நாய்க்காகத் தகராறு பண்ண வந்துருக்காய்ங்கன்னு நெனச்சிருக்கும்.”

வேறொரு நாயின் ரத்தத்தை ஏற்றி அப்போதைக்கு உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் டாக்டர் தெருவுக்கு வந்தார். பன்னுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். கடைசியில் இந்தப் படி ஏறினார்.

“அவனுக்கு என்னம்மா வியாதி?” என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. டாக்டருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் படியில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் சுடர் நின்றாள்.

“உடம்புக்குள்ள காவலுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. வெளியிலேர்ந்து வர்ற கிருமிய அடிக்கிறதுதான் அதுங்க வேலை. இவனுக்கு அந்தக் காவக்காரனுக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்கிறான். சொந்த ரத்தத்தையே அடிச்சுக் கொன்னுக்கிட்டிருக்கான்.”

“கிறுக்குப் பிடிச்சவன். மாத்திரை இல்லையா?”

“இருக்கு. ஆயுசுக்கும் நேரம் தப்பாம கொடுக்கணும். அது அந்தக் கிறுக்கன மட்டும் அடக்காது, எல்லாக் காவலையும் சேர்த்துப் படுக்க வெச்சுடும். வீட்டுக்குள்ள வெச்சு வளக்குற நாய் தாங்கிக்கும். சாக்கடையில கால் வைக்கிறவன் அடுத்த மழைக்காலத்தத் தாண்டமாட்டான்.” டாக்டர் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். “ஏங்கா, உப்பும் மிளகாப்பொடியும் தடவின மாங்காய நெனச்சா வாய் ஊறுதா?”

“ஊறுது” என்று பாண்டீஸ்வரி எச்சிலை விழுங்கினாள்.

“மாங்கா எங்க இருக்கு? இல்லாத மாங்காய்க்கு உடம்பு வேலை செய்யுது பாருங்க. அதுதான் இப்ப வைத்தியம். ஊசி போடுறப்பல்லாம் கூடவே ஒரு வாசனைய மூக்குல காட்டுவோம். சில தடவைக்கு அப்புறம் ஊசி வேணாம், வாசனை போதும். மருந்து வந்துருச்சுன்னு உடம்பு நம்பி, அந்தக் காவக்காரன அளவா அதட்டி வைக்கும். மத்த காவலுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அதுக்கு ஒரு சென்டு பாட்டில் போதாதா?”

“போதும்னுதான் நாங்களும் ஆரம்பிச்சோம். மல்லிகை வெச்சா யாராவது பூ வெச்சுக்கிட்டுப் போறாங்க. சாம்பிராணி, பினாயில், எதை வெச்சாலும் ஏதாவது ஒரு வீட்டுலேர்ந்து அது வந்துடுது. சும்மா சும்மா வாசனை வந்து, மருந்து வரலன்னா, ஏமாந்தது போதும்னு உடம்பு விட்டுடும். அப்ப வேற எங்கயுமே இல்லாத வாசனை வேணும். அது மனுஷ வாடைதான். ஒருத்தர மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. அதுவும் அவனுக்கு முன்னப்பின்ன தெரியாத ஆளா இருக்கணும். இந்த வியாதி வந்த நாய் வெச்சிருக்கவங்க சேர்ந்து ஒரு குழு நடத்துறாங்க, ஆள் தேடித் தருவாங்க. கேட்டுப் பாத்தேன். காத்திருக்கிற நாய் ஏகப்பட்டது. ஆள்தான் இல்ல. வருஷக்கணக்கா ஒரு நாய்க்குக் கட்டுப்பட யாரு வருவா? சரி, இந்தத் தெருவுலயே கிடைக்குமான்னு காலையிலேர்ந்து சுத்துறேன். பாவிப்பய, எல்லாரையும் பாத்து வாலாட்டுறான்.”

பிறகு டாக்டர் கதவின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“உங்கிட்ட ஒளிக்கமாட்டேன்மா. அந்த ஊசி குமட்டும். உடம்பு குமட்டலையும் சேர்த்துத்தான் உன்னோட முடிச்சுப் போடும். நீ வந்தா அவன் நடுங்குவான், எச்சில் வடிப்பான், மூலையில போய் ஒட்டிக்குவான். அவனப் பொழைக்க வைக்கிறதும் நீதான், அவனுக்குப் புடிக்காத ஒரே ஆளும் நீதான். பழகவே கூடாது. என்னைக்காவது உன்னைப் பாத்து வாலாட்டினான்னா, மருந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம். வாலாட்டினா உடனே எனக்குச் சொல்லணும்.”

சுடரின் கையில் ஊசியில் கோத்த நூல் இருந்தது. அதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“ஒரே ஒரு தடவை காதத் தொட்டுட்டு அப்புறம் ஆரம்பிச்சா?”

“தொட்டா பழகிடுவான்மா” என்றார் டாக்டர்.

கீழே தெருவில் பன்னு பாதி எழுந்து, முடியாமல் திரும்பவும் படுப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

“என்ன சோப்புப் போடணும்?” என்று கேட்டாள் சுடர்.

எந்தச் சோப்பானாலும் என்றைக்கும் அதே சோப்பு. பூ கூடாது, மஞ்சள் கூடாது, தலைக்கு எண்ணெய் மாற்றக் கூடாது. அவனிடம் பேசக் கூடாது. குரலும் பழக்கமாகிவிடும், அப்புறம் ஜன்னலில் அவள் பேசினாலே அவனுக்கு மருந்து வீணாகும். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நேரம் முடிந்ததும் முதலில் எழுந்து போவது அவளாகத்தான் இருக்கவேண்டும். “அவன் எழுந்து போனா தப்பிச்சுட்டோம்னு கத்துக்குவான்” என்றார் டாக்டர். “மருந்துதான் வரணும், மருந்துதான் போகணும்.”

ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள், ஆட்டோவின் இரண்டு பக்கத் திரையையும் இறக்கிவிட்டுத்தான் சுடர் ஏறினாள். சின்ன அறை. அவளைப் பார்த்ததும் அவன் குரைத்தான். அந்தக் குரைப்பை அத்தனை கிட்டத்தில் அவள் கேட்டதில்லை. டாக்டர் ஊசி போட்டார். அவள் ஒரு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் அவன் வாயோரம் நுரைத்தது. வாந்தியெடுத்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். நீயா, என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. இதேபோல் சில தடவை. அதன் பிறகு ஊசி தேவைப்படவில்லை. அவள் உள்ளே நுழைந்தாலே நுரைத்தது.

ரத்தம் ஏறத் தொடங்கியது. வெளுத்துக் கிடந்த ஈறு வெளிர் சிவப்பானது. பன்னு தெருவுக்குத் திரும்பினான்.

ஒச்சப்பனின் ஆட்டோ நிற்கும் கொட்டகைதான் இனி வைத்திய இடம். அந்த நேரத்துக்கு மட்டும் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை சுடர் படியிறங்கி, தெருவைக் குறுக்கே கடந்து அங்கே போனாள். முதல் தடவை அந்தத் தூரம் முடிவில்லாமல் நீண்டது. தலைகுனிந்து அவள் நடந்தபோது டீக்கடையில் பேச்சு நின்றது. ஒச்சப்பன்தான் அதை உடைத்தார்.

“ஏப்பா, வழி விடுங்கப்பா. மாத்திரை வருதுல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் மாத்திரை. “மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று இஸ்திரிக்கார அக்கா கேட்பாள். அந்தச் சிரிப்பு வகுப்பில் கேட்ட சிரிப்பைப்போல் இல்லை. ஒருநாள் சுடர் தலையை நிமிர்த்தாமலே “பின்னாடி” என்றாள். டீக்கடையே கைதட்டியது.

ஆனால் கொட்டகைக்குள் வேறு கதை. அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே சித்திரை சுவரோடு ஒட்டிக்கொள்வான். வாலைக் கால்களுக்கிடையில் சொருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடம்பு முழுக்க நடுங்குவான். அவள் பலகையில் உட்கார்ந்து அந்த ஒரு மணி நேரத்தையும் அவன் முதுகைப் பார்த்தபடி கழிப்பாள். பிறகு எழுந்து போவாள். அவள் தெருவைக் கடந்து படியில் கால் வைப்பதற்குள், அவன் வெளியே ஓடி வந்து டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களின் மடியில் தலையைத் திணிப்பது தெரியும். ஓட்டம் நன்றாக இருந்தது. அதற்காகச் சந்தோஷப்படத்தான் வேண்டும். சந்தோஷப்பட்டாள். மாடிக்குப் போய்த் தைக்க எடுத்த புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் சமையலறைக்குள் போனாள்.

ஒவ்வொரு முறையும் மாடிக்கு வந்ததும் போன் அடிக்கும். ஆஸ்பத்திரியின் இயந்திரக் குரல். நடுங்கினானா? எச்சில் வடிந்ததா? வாலாட்டினானா? ஆமாம், ஆமாம், இல்லை. மனிதர் இல்லாத குரல் என்பதால் அதற்குப் பதில் சொல்வது சுடருக்குச் சுலபமாக இருந்தது.

மழைக்காலம் வந்து போனது. அவன் தாண்டிவிட்டான். மார்கழியில் ஒருநாள் அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது அவன் நடுங்கவில்லை. பனியில் களைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த முறை, முகத்தைத் திருப்பாமல் அவளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். அதற்கும் அடுத்த முறை எழுந்து வந்தான். அவள் பாதத்தை முகர்ந்தான். மடங்கிய காது அவள் கணுக்காலில் உரசியது. பிறகு அவள் பாதத்தின் மேலேயே மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டான். வால் தரையை ஒருமுறை தட்டியது. மெதுவாக இன்னொரு முறை.

சுடர் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சூடு பாதத்தில் இறங்கியது. நேரம் முடிந்தும் எழ மனசு வரவில்லை.

மாடிக்கு வந்ததும் போன் அடித்தது. நடுங்கினானா?

“ஆமா.”

எச்சில் வடிந்ததா?

“ஆமா.”

வாலாட்டினானா?

ஜன்னலுக்கு வெளியே அவன் வெயிலில் புரண்டுகொண்டிருந்தான். நன்றாகத்தானே இருக்கிறான். இத்தனை நாளில் வியாதியே போயிருக்கலாம். ஒரு நாய்க்கு ஒரு ஆளைப் பிடித்துப்போவது அவ்வளவு பெரிய குற்றமா?

“இல்ல” என்றாள்.

அன்று மாலை அவள் தைத்துக்கொண்டே முணுமுணுவென்று பாடியதைப் பாண்டீஸ்வரி கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த முறையும் ‘இல்ல’ என்றாள்.

அப்புறம் ஒரு காலையில் பால் வண்டி வந்தது. சித்திரை தலையைத் தூக்கவில்லை. வண்டி போன பிறகு தள்ளாடி எழுந்து கம்பத்துப் பக்கம் போனான். சுடர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். டிகாஷன் நிறம்.

அம்மாவைக் கூப்பிடவில்லை. போனை எடுத்து, இயந்திரக் குரலைத் தாண்டி, தானே டாக்டரின் எண்ணை அழுத்தினாள். அவளாக ஒருவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“யாரு?”

குரல் வரவில்லை. வகுப்பறையில் நின்ற அதே கால்கள், அதே தொண்டை.

“யாருங்க? பேசுங்க.”

“அவன் வாலாட்டினான் டாக்டர்” என்றாள் சுடர். “ரெண்டு தடவையும் வாலாட்டினான். நாந்தான் இல்லேன்னு சொன்னேன்.”

டாக்டர் வந்தபோது கொட்டகையில் தெருவே கூடியிருந்தது. பன்னுவின் காதில் மாட்டிய, ரத்த அளவு பார்க்கும் கிளிப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டர் அவன் படுக்கும் சாக்கைப் புரட்டினார். அடியிலிருந்து ஒரு துணியை இழுத்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துப்பட்டா.

“இது யாருது?”

சுடருடையது. காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தது.

“நாந்தான் போட்டேன்” என்றாள் பாண்டீஸ்வரி. அவள் உதடு கோணிக்கொண்டது. “தொட்டில்ல இவ அழுறப்ப என் பழைய சேலையத்தான் விரிச்சுப் போடுவேன். வாடைக்குத் தூங்கிருவா. அதே மாதிரி இவனும் பழகிக்கட்டுமேன்னு… எம்பிள்ள ஒவ்வொரு தடவையும் வந்து அழுறா டாக்டரம்மா. அந்த வாயில்லாச் சீவனுக்கு இவ நல்லவன்னு தெரிஞ்சா போதும்னு நெனச்சேன். தொவைக்காம கொண்டாந்து போட்டேன்.”

இஸ்திரிக்கார அக்கா பாண்டீஸ்வரியின் தோளில் கை வைத்தாள். பாண்டீஸ்வரியின் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

“ராவும் பகலும் அந்த வாசனை மேலயே தூங்கியிருக்கான்” என்றார் டாக்டர் மெதுவாக. “வாசனை இருக்கு, மருந்து இல்ல. உடம்பு மறந்துபோச்சு.” துப்பட்டாவை மடித்துச் சுடரிடம் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது சுடருக்கு.

பிறகு அவளைத் தனியே அழைத்துப் போய் ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

“ரெண்டு வழி இருக்குதும்மா. குழுவுல நேத்து ஒரு பையன் பேரு கொடுத்திருக்கான். திருமங்கலத்துல படிக்கிறான். பரீட்சை முடிஞ்சு வரேங்கிறான். அவன் வந்தா அவன் வாசனையில புதுசா ஆரம்பிக்கலாம். அப்ப உனக்கு இந்த வேலை இல்ல. நீ பன்னுவ மடியில வெச்சுக் கொஞ்சலாம்.”

“அதுவரைக்கும் தாங்குவானா?”

“தாங்கவும் செய்யலாம். ரத்தம் ஏத்தி இழுத்துப் பாக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

“இன்னொரு வழி?”

“நீயே. இப்பவே. ஆனா அழிஞ்ச கோட்டு மேல திரும்ப எழுதுறப்ப அழுத்தித்தான் எழுதணும். பழைய அளவு போதாது. முன்ன உன்னப் பாத்துப் பயந்தான். இனிமே அதவிட மோசமா இருக்கும். இப்ப உங்கிட்ட ஒட்டிக்கிட்டான் வேற. அதுலேர்ந்து பிச்சு எடுக்கணும்.”

சுடர் கையிலிருந்த துப்பட்டாவைப் பார்த்தாள். அதில் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. திருமங்கலத்துப் பையனின் பரீட்சை நல்லபடியாக முடியட்டும். அவன் வேறொரு நாய்க்குப் போகட்டும்.

“ஆட்டோவ எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

அந்தச் சின்ன அறையில் அவனை மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. சுடர் உள்ளே நுழைந்ததும் மூக்கு அசைந்தது. கண் திறந்தது. அவளைப் பார்த்ததும் வால் மேசைத் தகட்டைத் தட்டத் தொடங்கியது. டக், டக் என்று. தெரிந்த ஆள் வந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்பதுபோல்.

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். சுடர் தலையசைத்தாள். ஸ்டூலை மேசைக்கு அருகில், அவன் மூக்குக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வால் நின்ற கணம் அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் கண்கள் அவள் கண்களைவிட்டு மெதுவாக விலகிச் சுவருக்குப் போனதையும், உடம்பு குலுங்கியதையும், பாதி உயிரோடு இருந்தவன் அவளிடமிருந்து நகர முயன்று முடியாமல் விழுந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே நாற்காலியில் பாண்டீஸ்வரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில தடவை அப்படிப் போய்வந்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான்.

இப்போது கொட்டகையில் அவள் நுழைந்தால் அவன் முதல் தடவையைவிட மோசமாக நடுங்குகிறான். சில நாள் பல்லைக் காட்டுகிறான். அவள் பலகையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து போகிறாள். இயந்திரக் குரலுக்கு உண்மையைச் சொல்கிறாள். பாண்டீஸ்வரி மகளின் துணிகளைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறாள். இன்னொன்றும் மாறியிருந்தது. சுடர் கடைக்குத் தானே போய் நூல்கண்டு வாங்கினாள். ஃபால்ஸ் தைத்த புடவைகளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாத்திரை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன் தாயி, அவன் மேல உனக்குக் கோவமே வராதா?” என்று ஒச்சப்பன் ஒருநாள் கேட்டார். “நாங்கூடக் கடிச்சிருப்பேன்.”

“அவன் என்ன பண்ணுவான்ணே” என்றாள் சுடர்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை. வைத்திய நாள் இல்லை, இன்னும் நாள் இருந்தது. பாண்டீஸ்வரி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்து வைத்துச் சுடர் தைத்துக்கொண்டிருந்தாள். படியில் ஏதோ சத்தம் கேட்டது. நகம் கல்லில் உரசும் சத்தம். ஒரு படி ஏறி, நின்று, திரும்ப ஒரு படி.

சித்திரை வாசலில் நின்றான்.

அந்தப் படியில் அவன் ஏறியதே கிடையாது. நான்கு காலும் நடுங்கின. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. வால் அடிவயிற்றோடு ஒட்டியிருந்தது. ஈறு லேசாக வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் திரும்பிப் போகவில்லை. வாசற்படிக் கல்லின்மேல், அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில், மெதுவாக வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தான்.

யாரும் அவனை அடைத்துவைக்கவில்லை. யாரும் கூட்டிவரவில்லை.

அவளுக்குச் சட்டென்று தண்ணீர்த் தொட்டியும் அதன் பக்கத்துப் புல்லும் ஞாபகத்துக்கு வந்தன.

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். கீழே பால் வண்டி வந்து போனது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே நகர்ந்து அவன் முதுகில் விழுந்தது. அவன் நடுங்கியபடியே கிடந்தான். அந்த ஒரு மணி நேரத்தையும் அவனாகவே கிடந்தான். கடைசியில் முதுகை வில்லாக வளைத்து, வாசற்படியில் வாந்தியெடுத்தான். பிறகு தலையை முன்கால்களின்மேல் வைத்துக்கொண்டு நீண்ட மூச்சு விட்டான். இன்னும் அவளைப் பார்க்கவில்லை.

நேரம் முடிந்துவிட்டது. மருந்துதான் முதலில் போகவேண்டும்.

சுடர் எழுந்தாள். வாசல் குறுகலானது. சுவரோடு ஒட்டி, பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டினாள். மடங்கிய காது அவள் விரல்களுக்குக் கீழே, தொட்டால் தொடும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவனை வாசலில் வெயில் காய விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

“என்ன மாத்திரை, இன்னைக்கி நாள் இல்லையே?” என்று ஒச்சப்பன் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். “எங்க கெளம்பிட்ட?”

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். டீக்கடையைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து, தெருமுனையில் திரும்பி, பஸ் போகும் சாலைப் பக்கம் நடந்தாள்.